பட்டன் அளவு முகம்

வேலம்பாளையத்தில் சாமியாத்தாளின் லைன் வீட்டில் குடியிருக்கும் முத்துப்பேச்சி, ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் காலை ஏழே முக்காலுக்கு மங்கலானாள். காய்ச்சல், தலைவலி என்று ஒன்றும் இல்லை. குரல் எப்போதும்போல் கணீரென்று இருந்தது, கைகால்கள் வேலை செய்தன, அடுப்பில் இட்லி வெந்தது. உருவம் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாகிவிட்டது. மூக்கு எது, வாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாமியாத்தாள் தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அன்றைக்கே பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து முத்துப்பேச்சியின் வாசலில் நின்றாள். "டாக்டரு எனக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டாரு கண்ணு. அப்பறம் நீ ஏன் இப்படித் தெரியற?"

முத்துப்பேச்சி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் அவளை மூன்று முறை உற்றுப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தது. நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி உள்ளே விட்டார்கள். துணியில் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் அவள் பழையபடியே கண்டுபிடித்ததால் செக்கிங் பகுதியில் யாருக்கும் குறையில்லை. குறை இருந்தது அவளுடைய ஒரு வயது மகள் வேல்விழிக்குத்தான். பிள்ளை குரலைக் கேட்டுச் சிரிக்கும், ஆசையாகத் தவழ்ந்து வரும், பக்கத்தில் வந்து முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் வீலென்று கத்திக்கொண்டு சாமியாத்தாளின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மூன்றாம் நாள் குரலைக் கேட்டுச் சிரிப்பதையும் நிறுத்திவிட்டது. பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு பயப்படுவதைத் தாங்க முடியாமல், முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சோறூட்டிப் பார்த்தாள். வேல்விழி முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுதது.

காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் காசிமாயன், மகளின் காதுகுத்து வீடியோவை லேப்டாப்பில் தானே எடிட் செய்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். அந்த வீடியோவின் முதல் படத்தில் முத்துப்பேச்சி எப்படித் தெரிந்தாளோ, திங்கட்கிழமை அப்படியே ஆகியிருந்தாள். காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருப்பவன். எண்பது அடுக்குத் துணியை விரித்து, அதன்மேல் கையும் கழுத்தும் உடம்புமாக அளவுகளை நெருக்கிப் போட்டு, அடுக்குக்கு இரண்டு அங்குலம் மிச்சம் பிடிப்பான். இதை அவன் முதலாளி காதர்பேட்டை பனியன் சந்தை வரை போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வெட்டி முடித்தால் மேஜையில் ஒரு துண்டுகூடக் கிடக்கக் கூடாது அவனுக்கு. வேஸ்ட் எல்லாம் அன்று சாயங்காலமே மூட்டையாகிக் கம்பெனியை விட்டு வெளியேறிவிட வேண்டும். அதே கையோடுதான் வீடியோ வெட்டவும் உட்கார்ந்தான். முப்பத்தொரு போன்களிலிருந்து வந்து சேர்ந்த நாலு மணி நேரத்தைப் பதினோரு நிமிஷத்துக்குள் நெருக்கி அடைத்தான். கடைசியில் சாப்ட்வேர், படம் தெளிவாக இருக்க வேண்டுமா, அளவு சின்னதாக இருக்க வேண்டுமா என்று கேட்டபோது, இதென்ன கேள்வி என்று சின்னதைத் தட்டினான். பிறகு வெட்டியது போக மீதி வேஸ்ட் என்று ஒரிஜினல் அத்தனையையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

விஷயம் புரிந்ததும் அவன் முதலில் அளவைக் கூட்டிப் பார்த்தான். எண்பது எம்பி இருந்த வீடியோ இரண்டு ஜிபி ஆனது. முத்துப்பேச்சியும் அன்றே கனத்துப்போனாள். கம்பெனி நூல் குடோன் தராசில் ஏறி நின்றபோது அது இரண்டு மூட்டை நூலின் எடையைக் காட்டியது. மங்கல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அதை மாற்றிவிட்டு, நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கில் கை வைத்தான். இரண்டு நாள் அவள் விட்டு விட்டு நடந்தாள். அடுப்படியில் இருப்பாள், அடுத்த கணம் வாசலில் இருப்பாள், நடுவில் எங்கும் இருக்க மாட்டாள். அதையும் மாற்றிவிட்டு ஷார்ப்னஸை நூறுக்கு ஏற்றினான். இப்போது முகம் தெளியவில்லை, ஓரங்கள் மட்டும் கூர்மையாயின. தோள் பட்டாலே நூல் அறுந்தது. செக்கிங்கில் அவள் கத்தரி இல்லாமலே பிசிறு வெட்டியதைப் பார்த்த சூப்பர்வைசர், இப்படியே இருந்துவிடேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை தூங்கும்போது, தன் முகம் அதற்குத் தெரியாத நேரமாயிற்றே என்ற ஆசையில் அவள் தூக்கி அணைத்தாள். வேல்விழியின் கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது.

"எடுத்து விடுங்க இத," என்று முத்துப்பேச்சி அழுதாள். "எம்புள்ளயத் தூக்க முடியாட்டி எனக்கு எந்த மொகமும் வேணாம்."

ஷார்ப்னஸைப் பழையபடி இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் காசிமாயன் கௌரவம் பார்க்காமல் ராஜ்கமலைக் கூப்பிட்டான். மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்து, முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடிட் செய்பவன் ராஜ்கமல். வந்தவன் முத்துப்பேச்சியை ஒருமுறை பார்த்தான், லேப்டாப்பை ஒருமுறை பார்த்தான், "ஒரிஜினல் எங்கீங்கண்ணா?" என்று கேட்டான்.

"வேஸ்டுன்னு அழிச்சுப்புட்டேன்."

"நீங்க துணி வெட்டறவருன்னு தெரியுமுங்க. அதுக்குன்னு இதையுமாங்க?"

வாட்ஸ்அப்பில் வாங்கினால் மறுபடி சுருங்கிவிடும் என்று ராஜ்கமல் சொன்னதால், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பென் டிரைவில் கேட்டார்கள். நாலு வாரமாக மதுரை பஸ்ஸில் பென் டிரைவ்கள் வந்தன. சில வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் வந்தன. ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். கோயில் சேவல்கூடத் தெளிவாக இருந்தது. முத்துப்பேச்சி நாற்பது இடங்களில் வந்தாள்: ஓரிடத்தில் அண்டாவைத் தூக்கிப் போகும் முதுகு, ஓரிடத்தில் பந்தியில் குனிந்த தலை, பிள்ளையை மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது வாழைப்பழம் தேடி ஓடிய கால். முப்பத்தொரு போன்களும் மாமன் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. தூரத்தில், கூட்டத்துக்குப் பின்னால், ஒரே ஒரு நொடி திரும்பிய முகம் ஒன்று இருந்தது, சட்டைப் பட்டன் அளவுக்கு. அதைத்தான் காசிமாயன் வெட்டியெடுத்து, வீடியோவின் முதல் படமாக முழுத்திரைக்கு இழுத்திருந்தான். துணியை அளவுக்கு மேல் இழுத்தால் பின்னல் கண் விட்டுப்போகும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன்.

"அண்ணா, இதுல எதுலயும் அக்கா மொகம் இல்லீங்க," என்றான் ராஜ்கமல். "இல்லாதத எந்த சாப்ட்வேரும் கொண்டார முடியாதுங்க. புதுசா எடுத்தாத்தான் உண்டு."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, பைப்படிக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அடுப்பில் அரிசி இருக்கிறது என்று அவள் இரண்டு தடவை எழுந்தாள். மங்கலான ஆளைப் பிடிக்கத் தெரியாமல் காசிமாயனின் போனில் ஃபோகஸ் அவளுக்கும் பின்சுவருக்குமாக மாறி மாறிப் போய்வந்தது. "மூக்குத்தியத் தொடுங்கண்ணா, அங்க புடிச்சுக்கும்," என்றான் ராஜ்கமல். காசிமாயன் திரையில் இடப்பக்கம் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அதே இடத்தில் அழுத்தித் தொட்டான்.

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு," என்றாள் முத்துப்பேச்சி, தன் விரலால் காட்டி. "ஆறு வருசமா இங்கிட்டுத்தான் இருக்கு."

ராஜ்கமல் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். காசிமாயனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. போனைத் தாழ்த்திவிட்டு, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் சொன்னாள். இடது புருவத்தில் சின்ன வயதில் ஆடு முட்டிய தழும்பு. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தழும்பு தெரிந்தது, அதைச் சுற்றிப் புருவம் வந்தது. சிரித்தால் முந்திக்கொண்டு வரும் ஒற்றைப் பல் வந்தது, அது அவனுக்குத் தெரிந்து மறந்துபோனது. கண்ணுக்குக் கீழே கருப்பு வந்தது, அது அவனுக்குப் புதுசு. உள்ளே சோறு பொங்கி அடுப்பை அணைத்தது, யாரும் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாமியாத்தாளின் இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேல்விழி, நழுவி இறங்கித் தவழ்ந்து வந்து, தாயின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, எட்டி அந்த மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. முத்துப்பேச்சிக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலித்தது. அவள் பிள்ளையின் கையை எடுத்துவிடவில்லை.

புதிய படத்தைச் சேர்த்து வீடியோவை மறுபடி குரூப்பில் போட்டார்கள். சொந்தக்காரர்கள் முன்பு போலவே இதயம் போட்டார்கள். முன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் அவர்களுக்குத் தெரியவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வைத்தியம் ஒரு நாளைக்குத்தான் தாங்கும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. காசிமாயன் கவனிக்காமல் விட்ட நாட்களில், சாயங்காலத்துக்குள் அவள் காது ஓரமாகச் சதுரம் விழத் தொடங்கிவிடும். தண்ணீர் மோட்டார் போட்டாயா என்று கேட்கும் அதே தொனியில் சாமியாத்தாள் அவனிடம் கேட்பாள்: "ஏனுங்க தம்பி, இன்னைக்குப் பாத்தீங்களா?"

முத்துப்பேச்சியும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. காலையில் அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். "என்னைய ஒரு தடவ பாத்துட்டுப் போங்க." அவன் திரும்பி நின்று, நெற்றியிலிருந்து நாடி வரை அவசரப்படாமல் பார்க்கிறான். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. கம்பெனி வேன் ஓட்டும் சுப்பண்ணன், அந்தத் தெருவில் மட்டும் ஹாரன் அடிப்பதில்லை.