திரைக்குள் அடங்காத கறிவடை

பெயர் முடிவாகாவிட்டால் ஃபிரௌக்க ஆறு மாதம் கடலை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவள் ஹாம்பர்கில் கப்பல் எஞ்சினியர். இன்று மாலை கப்பல் கிளம்புகிறது. நடுக்கடலில் இணையம் கிடையாது. துணைக்கு அவளிடம் இருப்பது லினக்ஸில் ஓடும் கையடக்க விளையாட்டுக் கருவி. அவளுக்குப் பிடித்த ரயில் விளையாட்டோ விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை இதில் ஓடவைக்கும் மென்பொருளை அவளும், மியூனிக்கின் கொர்பினியானும், பெர்லினின் டீலோவும் சேர்ந்து எழுதிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு சாப்பாட்டின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். மூவரும் சம்மதித்தால்தான் வெளியீடு. இந்த முறை கறிவடை. அதற்கோ மூவர் ஊரிலும் மூன்று பெயர்.

"புலெட்ட. முடிஞ்சுது," என்றான் டீலோ.

"அது ஃபிரிகடெல்லடா," என்றாள் ஃபிரௌக்க, மூவரும் இணைந்திருந்த போன் அழைப்பில்.

"ஃப்ளைஷ்ஃப்ளான்ஸர்ல்," என்றான் கொர்பினியான். "மத்தபடி பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

"டேய், நான் துறைமுகத்துல நிக்கறேன். பேரே இல்லாம அனுப்புங்களேன்!"

"பேரில்லாமயா? நாம என்ன காட்டுமிராண்டிங்களா?" என்றான் கொர்பினியான்.

கப்பல் ஒருமுறை ஊதியது. டீலோவுக்கு மனம் கேட்கவில்லை.

"சரி, மியூனிக்காரன் பேரே இருக்கட்டும். எங்க ஊர்ல யாருக்கும் சொல்லிடாதீங்க."

ஃபிரௌக்கவும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். கொர்பினியான் வெற்றிக் களிப்பில் அனுப்பினான். அவள் இறக்கிக்கொண்டாள்.

"வந்துருச்சு... டேய் பாவி! உன் பேரு திரை முழுக்க நீண்டு தொடங்கற பொத்தான் மேலயே படுத்துக் கெடக்கு. அழுத்தவே முடியல!"

"எழுத்தச் சின்னதாக்கறேன்."

"அதுக்கு நேரமில்ல, பேர மாத்து!"

"புலெட்ட அழகா அடங்கும்," என்றான் டீலோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. "பெர்லின்காரன் ஜெயிக்கறத நான் உசிரோட பாக்கமாட்டேன். ஃபிரிகடெல்லன்னே போடறேன்," என்றான் கொர்பினியான். டீலோ முனகியபடி சம்மதித்தான்.

அவள் மறுபடி இறக்கியபோது பெயரின் கடைசி எழுத்து பொத்தானை உரசிக்கொண்டு நின்றது. அதற்குள் கப்பல் மீண்டும் ஊதியது.

"ஓடுதுடா!" என்று கத்தினாள் ஃபிரௌக்க. "தண்டவாளம் தெரியுது, இஞ்சின் தெரியுது. முதல் ஸ்டேஷனுக்கு என்ன பேர் வைக்கலாம்னு கேக்குது."

பெர்லினிலும் மியூனிக்கிலும் இரண்டு வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன.

ஃபிரௌக்க போனை அணைத்தாள்.