பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பாட்டு

திருக்கனூர் போய்வருகிறேன் என்று கிளம்பிய என் கணவர் அரிகரன் மூன்று நாளாகியும் வீடு திரும்பவில்லை. அவர் முகம் தெளிவாகத் தெரிகிற வீடியோ என் போனில் ஒன்றுதான் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பன்னிரண்டு விநாடி. கொழுந்தன் கலைவேந்தன் அதில் 'காணவில்லை' என்று எழுதி, ஒரு சோகப் பாட்டையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தான்.

எழுத்தை யார் படித்தார்கள்? கால் மணி நேரத்தில் நாற்பது பேர் 'ஆழ்ந்த இரங்கல்' அனுப்பிவிட்டார்கள். பாகூரிலிருந்து ஒருத்தர் போன் செய்து, "எப்போ எடுக்குறீங்க? மாலை வாங்கியாரணும்" என்றார்.

"உங்க அண்ணன நீயே சாவடிச்சிட்டியேடா! எடு அத!" என்று கத்தினேன்.

"பாட்டு இல்லன்னா எவன் அண்ணி நின்னு பாக்குறான்?"

குத்துப் பாட்டு போட்டான். அவர் யார் கல்யாணத்துக்கோ வேலை செய்கிற மாதிரி இருந்தது. சாமி பாட்டு போட்டால் கருமாதி வீடு. புல்லாங்குழல் போட்டால் பால் விளம்பரம்.

"இன்னாதான் போடச் சொல்ற?" என்றான். அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

போனைப் பிடுங்கி, பாட்டை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். வாளிச் சத்தம். பிறகு அவர் குரல்: "வாம்மா, வந்து குடி."

மூன்று நாளாகத் தொட்டியில் சரியாக வாய் வைக்காத மாடு, கொட்டகையில் எழுந்து நின்று வாசலைப் பார்த்துக் கத்தியது.

"அப்படியே போடுடா," என்றேன். "இங்க மட்டும் சத்தம் வெக்காத. மாட்ட இன்னொரு வாட்டி என்னால ஏமாத்த முடியாது."