செவ்வாய்க்கிழமைப் பத்து நிமிஷம்

வஸ்மியாவுக்கு விதித்த நாலு வருஷம் ரஜப் மாசத்தோடு முடிந்துவிட்டது. ரமலான் வந்து போனது, பெருநாளும் போனது, அவள் இன்னும் உள்ளேதான் கிடந்தாள். தண்டனை முடிந்த பெண்ணை வெளியே விட வேண்டுமானால் வீட்டு ஆண் ஒருவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவள் துர்ஃபா போட்டால் செல்லாது. பத்து மாசம் சுமந்ததையெல்லாம் அந்த அலுவலகத்தில் யார் கேட்டார்கள்?

அவள் செய்த குற்றம், போனில் ஊரே பார்க்க ஒரே ஒரு வரி எழுதியது. 'எங்கள் பள்ளிவாசல் இமாமைக் கூட்டிப்போய் ரெண்டு வருஷமாச்சு, உயிரோடு இருக்கிறாரா?' இது மன்னருக்கு மாறு செய்தது, மன்னருக்கு மாறு செய்தால் மார்க்கத்துக்கே மாறு செய்தது என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

துர்ஃபாவின் புருஷன் மௌத்தாகி வெகுநாளாகிறது. மிச்சமிருந்த ஆண், மகன் ஃபைஹான். புரைதா நகராட்சியில் வேலை.

"அவ நாளைக்கு மறுபடி எழுதினா என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க உம்மா. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு."

"எனக்கு ரெண்டே ரெண்டுதாண்டா. ஒண்ணு உள்ள கிடக்கு, இன்னொண்ணு பயந்து சாவுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

துர்ஃபாவுக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அசர் தொழுகை முடிந்ததும் சிறையிலிருந்து போன் வரும். பத்து நிமிஷம். நடுவில் எவனோ ஒட்டுக்கேட்பான், அவன் இருமுவதுகூடக் கேட்கும். வஸ்மியா ஊர் வம்பு எதுவும் கேட்க மாட்டாள். "இன்னைக்கு என்ன ஆக்கின?" என்பாள். "ஜரீஷ். அடி பிடிச்சிருச்சு." "அந்த அடியைத்தான் எனக்கு எடுத்து வையேன்." இதற்காகவே துர்ஃபா செவ்வாய்க்கிழமைதோறும் ஏதாவது ஆக்கினாள், தனி ஆளாக உட்கார்ந்து தின்றாள்.

வழி சொன்னது ஃபைஹான்தான். நிகாஹ் செய்துவிட்டால் பொறுப்பு புருஷனுக்குப் போய்விடும், அவன் போய்க் கூட்டி வரலாம். ஆட்டுச் சந்தை அபூ ருஷைத், பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்தார். அறுபதை நெருங்கும் வயசு, அதட்டத் தெரியாத மனுஷன். தங்கைக்காக ஒரு கையெழுத்துப் போடாத ஃபைஹான், அவளைத் தள்ளிவிடும் காகிதத்தில் மூன்று இடத்தில் போட்டான். படுபாவி.

"அந்தாளைக் கட்டிக்கிட்டா நம்ம வீட்டுக்கு வரலாமா உம்மா?" என்று போனில் கேட்டாள் வஸ்மியா.

"வராம? அவர் நல்ல மனுஷன்டி. வாரத்துல பாதி நாள் எங்கிட்ட விட்டுருவார்."

"அப்ப சரின்னு சொல்லு."

விடுதலையன்று துர்ஃபா விடியக்காலையிலேயே உடைத்த கோதுமையில் ஜரீஷ் கிண்டி, வேண்டுமென்றே அடி பிடிக்கவிட்டு, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றாள். அபூ ருஷைத் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கையில் காகிதம், முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலேயே வந்த வஸ்மியாவை ஒரு காவலாளி நேராகக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினான்.

"ஃபைஹான் உம்மா, எங்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க," என்றார் அவர். "நாலு வருஷத்துக்கு அவ போன் தொடக் கூடாது. என் வீட்டுக்கு ஆள் யாரும், நீங்ககூட, வரக் கூடாது. உங்க வீட்டுல இருந்துதான் எழுதினாளாம், அந்த வாசப்படியை மிதிக்கவே கூடாதாம். மீறினா அவளையும் என்னையும் சேர்த்து உள்ள போடுவாங்களாம்."

"நீங்க போட்டீங்களா கையெழுத்து?"

"போடலேன்னா விட மாட்டேன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. துர்ஃபா காரிடம் ஓடினாள். கண்ணாடி நாலு விரல்கடை இறங்கியிருந்தது. தூக்குப் பாத்திரம் அதற்குள் நுழையவில்லை. மூடியைத் திறந்து ஒரு வாய் அள்ளி நீட்டினாள். மகள் அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றாள்.

"உம்மா, உள்ளேயே இருந்திருந்தா செவ்வாய்க்கிழமை பேசியாவது இருக்கலாம்ல."

சரி சொல்ல வைத்தது துர்ஃபாதான். கார் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் அசர் தொழுதுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். அரை மணி பொறுத்து அவளே சிறைக்குப் போட்டாள்.

"வஸ்மியா இன்னைக்குப் பேசலையா?"

"அவ விடுதலையாகிப் போய்ட்டாளே உம்மா," என்றான் அங்கிருந்தவன். அதே இருமல்காரன். "மன்னரோட கருணை. அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க."

அவன் காத்திருப்பது போனில் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் துர்ஃபா.