வால் முன்னால் போன நாள்

அக்டோபர் 12, ஞாயிறு. தவறு என்னுடையது. பாதையை விட்டு ஒதுங்கும்போது கைத்தடியைப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டுப் போக வேண்டும், பின்னால் வருகிறவர் பார்த்து நிற்பதற்கு, என்பது பந்தய விதி. நான் போடவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் இரண்டு கால்களையும் வெந்நீர் வாளிக்குள் விட்டாள். மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதப் பழகியதிலிருந்து, தவறை முதலில் எழுதிவிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு நடந்ததில் பாதிக்கு அந்தத் தடிதான் காரணம். மீதிப் பாதிக்கு அக்கா.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, மறுபடி அளந்து, சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் அளப்பதால் கடையில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அப்படிப்பட்டவளுக்கு மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் ஆசை எங்கிருந்து தொற்றியது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

பயிற்சிக்குப் பக்கத்தில் மலை இல்லை. கடை இருந்த கட்டடத்தின் மாடிப்படிதான் அவளுக்கு மலை. மாவு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வழிமறித்தார்.

"ஏம்மா, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? எம் மேல நம்பிக்கை இல்லன்னா நேராவே சொல்லிடு."

ஓடிக்கொண்டே சாப்பிடவும் பழக வேண்டும். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு அவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓடியபோது, அக்கா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உக்காந்து தின்னா கேஸ் போட்டுருவாங்களாடி?"

அக்காவுக்குத் தபால் பட்டுவாடா வேலை. நாள் முழுக்க நடை. ஓட்டம் என்பது நாய் துரத்தினால் மட்டும் செய்ய வேண்டிய காரியம் என்பது அவள் கட்சி.

பந்தய வழியில் தண்ணீரும் தீனியும் கொடுக்கும் கூடாரங்கள் உண்டு. இரண்டாவது கூடாரத்தை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் வந்து சேராதவர்களைக் காலித் தண்ணீர்க் கேன்களோடு வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் கேன்களோடு கேனாக வந்து இறங்கியவள் மில்லிமீட்டர். இந்தத் தடவையும் அதே வேன் என்றால் ஓட்டத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்து, அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டும் இருந்தாள்.

அடுத்த வாரமே அக்கா ஒரு மஞ்சள் சட்டையோடு வீட்டுக்கு வந்தாள். பந்தயத்தில் எல்லோருக்கும் கடைசியில், வழிகாட்டக் கட்டிய ஆரஞ்சு நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வர ஒருவர் வேண்டும். அந்த ஆளுக்கு ஓட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் வால்.

"இரண்டாவது கூடாரம் வரைக்கும் நான்தான் வால். நடந்தாப் போதுமாம்," என்றாள் அக்கா. "எப்படியும் நீதான் கடைசி. உன் பின்னாடி வர்றதுக்குச் சட்டை வேற சும்மா குடுக்கறாங்க. யார் விடுவா?"

அக்கா சொன்னபடியேதான் ஆனது. முதல் கூடாரம் தாண்டியதும் மில்லிமீட்டருக்குப் பின்னால் அக்காவைத் தவிர ஈ, காக்கை இல்லை.

"ஏய், நீ ஓடறியா நடக்கறியா? பின்னாலேர்ந்து பாத்தா வித்தியாசம் தெரியல."

"பேசாம வாக்கா."

"பேசாம எப்படி வர்றது? தூக்கம் வருதுல்ல."

இந்த வாயிலிருந்து தப்பிக்கவே அவள் வேகம் பிடித்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் பேச்சுச் சத்தம் மறைந்தது. மறைந்த மறுநிமிடம் வயிறு கலக்கியது. பாறைகளுக்குப் பின்னால் சரிவில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கத் தடி வேண்டும், அவசரம் வேறு. விதி நினைவுக்கு வந்தபோது அவள் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மேலே ஏறி வந்தபோது பாதை மொட்டையாகக் கிடந்தது. முன்னால் ஒரு நாடா இல்லை. வழி தவறிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். அவளுக்கு அது எளிதாக வரும் நினைப்பு. பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கும் நாடா இல்லை. சற்று முன் தன் கண்ணால் பார்த்த முள்செடியில்கூட இல்லை. அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. அக்கா அவளைத் தாண்டிப் போய்விட்டாள். வால் முன்னால் போய்விட்டது.

விதிப்படி வால் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டால் கூடாரம் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். மணி ஒன்று ஆகாவிட்டாலும்.

அவள் ஓடினாள். ஈர மண்ணில் மற்றவர்களின் முள்வைத்த காலணித் தடங்களுக்கு மேலே ஒரே ஒரு தட்டையான தடம் பதிந்திருந்தது. தபால்துறை கொடுத்த காலணி. அதைப் பிடித்துக்கொண்டு போனாள். போகப் போக அந்தத் தடங்களின் இடைவெளி அதிகமானது. மில்லிமீட்டருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் குதிகாலே பதியவில்லை, விரல் பக்கம் மட்டும் ஆழமாக இருந்தது. அக்கா ஓடியிருக்கிறாள். தங்கை எங்கோ முன்னால் பறந்துகொண்டிருக்கிறாள் என்று நம்பி, அவளைப் பிடிக்க ஓடியிருக்கிறாள்.

ஆக, அக்கா தங்கையைத் துரத்த, தங்கை அக்காவைத் துரத்த, இருவரும் ஒருவருக்கொருவர் எட்டாமல் மலையை ஒரு வழி செய்துகொண்டிருந்தார்கள். மில்லிமீட்டர் தன் வாழ்நாளில் இப்படி ஓடியதில்லை.

பிறகு மண் முடிந்து வழுக்கைப் பாறை வந்தது. தடம் நின்றுபோனது. பாதை இரண்டாகப் பிரிந்தது. அவள் இடது பக்கம் கொஞ்சம் போனாள், சந்தேகப்பட்டுத் திரும்பினாள். வலது பக்கம் போனாள், அங்கும் அதே கதை. கண்ணில் நீர் முட்டியது. வேன் ஞாபகம் வந்தது, கேன்கள் உருளும் சத்தம் உட்பட.

வலது பக்கம், முன்பு திரும்பி வந்த இடத்துக்கும் அப்பால், புதருக்குள் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் அசைந்தது. நாடா. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிளையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"வயிறுக்கா."

"தடி?"

மில்லிமீட்டர் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கூடாரம் வரைக்கும் ஓடிட்டேன். என் தங்கச்சி எப்ப தாண்டிப் போனான்னு கேட்டா, அங்க பொறுப்பா நிக்கற பல் டாக்டர் என்னைப் பைத்தியத்தைப் பாக்கற மாதிரி பாக்கறாரு. யாரும் வரலைங்கறாரு. நீங்க வந்துட்டீங்க, அதனால மூடறேன்ங்கறாரு." அக்கா முடிச்சை இழுத்து இறுக்கினாள். "நான் எங்க வந்தேன்? வாசல் கயித்துக்கு வெளியதான நிக்கறேன், நான் இன்னும் வரவே இல்லன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். வழி பிரியற எடத்துல நீ முழிச்சிட்டு நிப்பன்னு தெரியும். நாடாவைக் கட்டிக்கிட்டே வர்றேன்."

"மணி என்னக்கா?"

"கேக்காத. ஓடு. நீ முன்னால போ, வால் முன்னால போனா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"கட்டுனதை அவுக்க வேணாமா?"

"போடீன்னா."

இறக்கம். இறக்கத்தில் அவளுக்கு எப்போதும் பயம், ஒவ்வொரு கல்லையும் கண்ணால் அளந்துவிட்டுத்தான் கால் வைப்பாள். இன்று அளக்க விடாமல் பின்னால் தபால் காலணி தடதடவென்று வந்துகொண்டிருந்தது. "தள்ளி விட்டுருவேன்டி," என்றது. விடுவாள் என்பதில் சந்தேகமில்லை.

பல் டாக்டர் கூடாரத்தை மூட வாசல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். மில்லிமீட்டர் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வால் ஏற்கெனவே வந்தாச்சே."

"யாரு? நானா?" அக்கா கயிற்றுக்கு வெளியே, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். "நான் இப்பத்தான் வர்றேன் டாக்டர். உள்ள வரலாமா, இல்ல அவ தண்ணி குடிச்சு முடிக்கட்டுமா?"

பல் டாக்டர் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து மில்லிமீட்டரின் கையில் வைத்தார். "போங்க. இன்னும் அரை நிமிஷம் நின்னீங்கன்னா எனக்கு மனசு மாறிடும்."

அதற்குமேல் வேறொரு வால். அதற்குமேல் அவள் இதுவரை காணாத பாதை. திரும்பிப் பார்த்தாள். அக்கா காலி கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேனில் இந்த வருடம் போகப்போவது அவள்தான். தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் வீசினாள், போ என்று.

மில்லிமீட்டர் முடித்தாள். கடைசியாகத்தான். வெயில் சாய்ந்துவிட்டது, காற்றடைத்த வரவேற்பு வளைவிலிருந்து பாதிக் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள், அவள் அதன் கீழே குனிந்து வர வேண்டியிருந்தது. கழுத்தில் பதக்கம் போட வந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு மாட்டினார்.

வாளியில் வெந்நீர் ஆறிவிட்டது. அடுத்த அறையில் அக்கா கால் வலி என்று முனகிக்கொண்டே யாரிடமோ போனில், "பறந்தா பாரு, என் கண்ணுலயே படல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மில்லிமீட்டர் பேனாவை எடுத்துக் கடைசி வரியை எழுதினாள்.

நாளை: பிற்பகல், அக்கா தபால் கொடுத்து முடித்ததும், பாதை பிரியும் பாறையிலிருந்து கூடாரம் வரை அவள் திரும்பக் கட்டிய நாடாக்களை எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் கொண்டுபோக வேண்டும். பார்சல் கட்டும் முடிச்சு, கையால் அவிழாது.