சேலைக்குள் துவக்கு

"அப்படியென்றால் ஆயுதம் இல்லாமல் போ" என்று க்ரூகர் சொன்னபோது தக்சாயினி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்ட பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் சீருடை அணியாத பொலிஸ் பிரிவொன்றில் அவள் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. க்ரூகர் அந்தப் பிரிவின் தலைவர். அந்தக் கோடையில் மூன்று தமிழ்க் கலியாணங்களில் ஒரே மாதிரிக் கொள்ளை நடந்திருந்தது. மண்டபத்துக் கார்த் தரிப்பிடத்தில் இரண்டு பேர் காத்திருந்து, நகையோடு தனியாக வரும் பெண்களைத் தள்ளி விழுத்திச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவது முறை அவர்களில் ஒருவன் கத்தி வைத்திருந்தான். அன்று தாலிக்கொடியைப் பறிகொடுத்தவர் தக்சாயினியின் அம்மாவுடைய சிநேகிதி சரளா. கழுத்தில் ஏழு தையல்.

அடுத்த கலியாணத்துக்குத் தக்சாயினி விருந்தாளியாகப் போக வேண்டும் என்பது திட்டம். பிரிவில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"சேலைக்குள் துப்பாக்கியை எங்கே வைப்பாய்? கைப்பையில் வை. முடியாவிட்டால் விடு. வெளியே வான் வண்டிக்குள் நம் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றார் க்ரூகர்.

"அவர்கள் முதலில் பறிப்பதே கைப்பையைத்தான்" என்றாள் அவள். "ஆயுதம் இல்லாமல் நான் போகமாட்டேன். சேலை கட்டாமலும் போகமாட்டேன்."

"வெள்ளிக்கிழமை சுடுதளத்தில் செய்து காட்டு. மூன்று வினாடிக்குள் எடுக்க வேண்டும். பயிற்சியாளர் பெஹ்ரன்ஸ் சரியென்றால் சரி. இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருந்து கமெராவைப் பார்."

அவளுக்கு நான்கு நாட்கள் இருந்தன.

அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த துப்பாக்கி உறை அகன்ற இடுப்புள்ள, வலக்கைக்கார ஆண் ஒருவனுக்காகச் செய்தது போல இருந்தது. தக்சாயினி இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா கரண்டியைப் பிடுங்கிப் பிடுங்கி வலக்கையில் கொடுத்துப் பார்த்தாள். நடக்கவில்லை. இடக்கைக்கான உறை கேட்டு எழுதிய விண்ணப்பத்தைப் 'பார்க்கிறேன்' என்று வாங்கி வைத்த க்ரூகரிடமிருந்து ஐந்து மாதமாகப் பதில் வரவில்லை. பெஹ்ரன்ஸிடம் போய் நின்றாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அந்தப் பெண், அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி, கடினப் பிளாஸ்டிக்கில் செய்த இடக்கை உறை ஒன்றை எடுத்துத் தந்தாள். அதோடு பயிற்சிக்கான, அசலைப் போலவே பாரமான சிவப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கியும்.

"உயரமும் சரிவும் இந்தத் திருகுகளில் இருக்கின்றன. விசைப் பகுதி முழுக்க மூடியிருக்க வேண்டும். அதில் மட்டும் கைவைக்காதே."

வீட்டில் மேசைமேல் அதைக் கண்டதும் அம்மா தேவமலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதியோர் இல்லத்து வேலைச் சட்டையைக்கூட அவள் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"இதென்ன, துவக்கே? வீட்டுக்குள்ளயே கொண்டு வந்தனீ?"

"பிளாஸ்டிக் அம்மா. பழகிறதுக்கு."

"துவக்கெண்டா துவக்குத்தான். ஆமிக்காரன்ர துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்."

"அதுக்காக நான் கத்திக்காரனுக்கு முன்னால வெறுங்கையோட நிக்கிறதே? சரளா அக்கான்ர கழுத்தைப் போய்ப் பாத்தனீங்கள்தானே?"

அம்மா சமைக்கவென்று குசினிக்குள் போய்விட்டாள்.

முதல்நாள் தக்சாயினி உள்பாவாடை நாடாவிலேயே உறையைக் கொளுவிப் பார்த்தாள். இரண்டு அடி நடக்கமுன் எல்லாம் கீழே சரிந்தது. உடற்பயிற்சிக்காரர்கள் கட்டும் இழுபடும் வயிற்றுப் பட்டி சரியவில்லை. ஆனால் கதிரையில் உட்கார்ந்ததும் துப்பாக்கிப் பிடி விலா எலும்பில் ஏறி இடித்தது. ஒரு மணித்தியாலத்தில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து எரிந்தது. அந்தப் பாரத்துக்கு நாடாவோ இழுபடும் துணியோ போதாது, வளையாத பட்டிதான் வேண்டும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

இரண்டாம் நாள், வளையாத பட்டியை உள்பாவாடைக்கு மேல் கட்டி, குண்டூசிகளால் துணியோடு சேர்த்துக் குத்தினாள். குனிந்தபோது ஊசியொன்று அவளையே குத்தியது. "சனியன்!" என்று அவள் கத்தியது தையல் மெசினடியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது.

"கொண்டா இங்க" என்றாள் அம்மா. "வளையம் வைச்சுத் தைச்சாத்தான் பட்டி நிக்கும். ஊசி குத்தி ஆரும் துவக்குக் கட்டுவினமே?"

"துவக்கு வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"இப்பவும் வேண்டாம்தான். ஆனா அத்தனை சனத்துக்கு நடுவில அது கழண்டு விழக்கூடாது."

அம்மா அந்த உள்பாவாடையில் ஆறு வளையங்களைத் தடித்த துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள். பட்டி அசையாமல் நின்றது. தக்சாயினி உறையை இடுப்பெலும்பில் இருந்து இரண்டு விரல் பின்னால் தள்ளினாள். திருகைக் கழற்றி ஒரு துளை கீழே இறக்கினாள். இடிப்பது நின்றது, ஆனால் பிடி வெளியே சாய்ந்து சேலையில் புடைப்பாகத் தெரிந்தது. பழைய சப்பாத்துக்குள் பாதத்துக்கடியில் இருந்த மெத்தையை வெட்டி, உறையின் கீழ்ப்பக்கம், உடம்பைத் தொடும் பக்கமாக ஆப்பு மாதிரி ஒட்டினாள். அடிப்பக்கம் வெளியே தள்ளப்பட, பிடி உடம்போடு வந்து ஒட்டியது. சரிவைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள். மாடிப்படி ஏறினாள், தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள், சோறு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பின்னேரம் வரை கழற்றவேயில்லை. தோல் சிவக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுடுதளத்துக்குச் சேலையோடு வந்தவளைப் பார்த்து இரண்டு பேர் விசிலடித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்றாவது ஆள் வாயை மூடிக்கொண்டான்.

பட்டு முந்தானையை மடித்துக் குத்தாமல், இடக்கைமேல் ஒற்றையாக விட்டிருந்தாள். அதுதான் உறையை மறைத்தது. அதுவே காலையும் வாரியது. பின்னால் ஒதுக்கிய முந்தானை வழுக்கி வந்து கையில் சுற்றிக்கொண்டது. ஐந்தரை வினாடி.

க்ரூகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் சொன்னேனே."

"நான் இன்னும் முடிக்கவில்லை" என்றாள் தக்சாயினி.

துணிக்குப் பாரம் இல்லை, அதனால்தான் திரும்பி வருகிறது. கார்த் திறப்பு, வீட்டுத் திறப்பு என்று எல்லாச் சாவிகளையும் சேர்த்து முந்தானை நுனியில் முடிந்தாள். இப்போது இடக்கையால் வீசியதும் அந்தப் பாரம் துணியை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போனது. அதே கை திரும்பி வந்து பிடியில் விழுந்தது. வலக்கை சும்மா இருந்தது, ஒருவனைத் தள்ளி வைக்க.

"இரண்டு புள்ளி ஏழு" என்றாள் பெஹ்ரன்ஸ்.

"ஒரு முறை அதிர்ஷ்டம்" என்றார் க்ரூகர்.

"எத்தனை முறை வேண்டும் என்று சொல்லுங்கள்."

அவள் பத்து முறை எடுத்தாள், நான்கு முறை கதிரையில் இருந்தபடி. ஒன்றும் மூன்று வினாடியைத் தாண்டவில்லை. பெஹ்ரன்ஸ் படிவத்தில் கையெழுத்து வைத்துக் க்ரூகரின் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரை அம்மா ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, முந்தானையை மடிச்சுக் குத்தினா இன்னும் வடிவா இருக்குமே?"

"எனக்கு இப்பிடித்தான் விருப்பம், அக்கா."

தாலி கட்டி முடிந்து சனம் சாப்பிடப் போன நேரம், இரவல் அட்டியலும் சங்கிலிகளும் மின்ன அவள் தனியாகக் கார்த் தரிப்பிடத்துக்குப் போனாள். அன்று அவள் அப்படிப் போனது அது மூன்றாவது தடவை. வெள்ளைக் காரொன்றின் பின்னால் இருந்து இரண்டு பேர் எழும்பினார்கள். ஒருவன் அவளுடைய கழுத்தைக் குறிவைத்து நேரே வந்தான். அவன் கையில் கத்தி.

முந்தானை பின்னால் பறந்தது.

"பொலிஸ்! கத்தியைப் போடு!" என்று ஜேர்மனில் கத்தினாள். வலக்கை முன்னே நீண்டு நின்றது. இடக்கையில் துப்பாக்கி, விரல் விசைக்கு வெளியே. நெஞ்சு அடித்த அடியில் அட்டியல் குலுங்கியது. கை மட்டும் அசையவில்லை.

அவன் சேலையைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான். கத்தி சீமெந்தில் விழுந்தது. மற்றவன் ஓடினான், வேலியேற முடியாமல் பிறகு பொலிஸிடம் அகப்பட்டான். வானுக்குள் இருந்த இரண்டு பேரும் அவளிடம் ஓடி வந்து சேர இருபது வினாடிக்கு மேல் ஆனது.

திங்கட்கிழமை க்ரூகர் அறிக்கையை வாசித்து முடித்தார். "நல்ல வேலை. ஆனால் சுட வேண்டி வரவில்லையே. எங்கள் ஆட்களும் வெளியில் இருந்தார்கள்."

"இருபது வினாடி தூரத்தில்" என்றாள் தக்சாயினி.

அவள் ஒரு விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தாள். இடக்கைக்காரருக்கும் பெண்களின் உடம்புக்கும் பொருந்தும் உறைகள், வளையாத பட்டிகள். பிரிவில் இருந்த மற்ற நான்கு பெண்களும் கையெழுத்து வைத்திருந்தார்கள். கடைசியில், பிரிவுத் தலைவர் கையெழுத்து வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"இதை வைத்துவிட்டுப் போ. பார்க்கிறேன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீர்கள். நான் நிற்கிறேன்."

அவர் கதிரையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. க்ரூகர் மேசை லாச்சியைத் திறந்து பேனை தேடத் தொடங்கினார்.