புள்ளி வைக்காதே

ஃபாங்கரே துறைமுகத்தை ஒட்டி எங்கள் பட்டறை. அலுமினியப் படகுகளுக்கு வேண்டிய சின்னச் சாமான்கள் செய்வோம்: கைப்பிடி, குமிழ், தூண்டில் கம்பு செருகும் குழாய். நான் வெல்டிங். எனக்கு நேர் எதிரே, கணினி சொன்னபடி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. லேத் நிற்பதால், அங்கே நடந்ததை ஒன்று விடாமல் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அந்த லேத் கொலீனுடையது. வாங்கிப் போட்டது முதலாளி பேரண்ட்தான். ஆனாலும் கொலீனைக் கேட்காமல் அவரே அதன் கதவைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட கொலீனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. இரண்டு மாதம் வர முடியாது.

"அதுக்குள்ள யாராவது புரோகிராம் எழுதக் கத்துக்கணும். யாரு வர்றீங்க?" என்று தேநீர் வேளையில் பேரண்ட் கேட்டார்.

எல்லோரும் அவரவர் பிஸ்கட்டை உற்றுப் பார்த்தோம். கொலீனின் வாய் அப்படி.

"நான் வர்றேன்" என்றாள் மெரியானா.

எனக்குத் தேநீர் புரையேறியது. மெரியானா கம்பிகளை ரம்பத்தில் துண்டு போடுகிறவள். கொலீனின் கணவன் தமாட்டி முன்பு மெரியானாவின் கணவனாக இருந்தவன். அவர்கள் பிரிந்து வெகுநாள் கழித்துத்தான் அவன் கொலீனைப் பார்த்தான் என்பதால் பழி ஒன்றும் கிடையாது. இருந்தும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இரண்டு பெண்களும் "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை கொலீன் இடுப்பில் கை வைத்து நின்றாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"ரம்பச் சத்தத்துல காது போகுது. உன் மெஷினுக்குக் கதவு இருக்கு."

"அவ்வளவுதானா?"

"உன் புருஷனைப் பத்திப் பேச வரலை. பயப்படாதே."

"அந்த ஆளைப் பத்திப் பேச என்ன இருக்கு? உக்காரு."

பாடம் ஆரம்பமானது. வெட்டுகிற டூல் எங்கே போக வேண்டும், எந்த வேகத்தில், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். எழுதியதை அப்படியே செய்யும் லேத். நாம் மனதில் நினைத்ததைச் செய்யாது. மெரியானா தன் முதல் புரோகிராமைப் பயந்து பயந்து எழுதினாள். டூல் மெதுவாக, மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போனது. அலுமினியம் உடையாமல் ரிப்பன் ரிப்பனாகக் கிளம்பி, சுழலும் துண்டையே சுற்றிக்கொண்டது. கொலீன் சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

"என்னடி இது, ஸ்வெட்டர் பின்னுறியா?"

"பதமாத்தான் விட்டேன்."

"அதான் தப்பு. அலுமினியத்தைத் தடவிக் கொடுத்தா மேல சுத்திக்கும். நல்லா ஆழமாக் கடிச்சு வேகமா நகரணும். அப்பதான் சீவல் பொடிப்பொடியா உடைஞ்சு விழும்."

"தமாட்டி மாதிரின்னு சொல்லு."

கொலீன் சட்டென்று திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியதை நான்தான் பார்த்தேன்.

அடுத்தது படகின் கியர் கம்பியில் மாட்டுகிற உருண்டைக் குமிழ். ஆரஞ்சுப் பழம் போல வர வேண்டும். வளைவு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரே ஓர் எண்தான் சொல்கிறது. மூன்று என்று போட வேண்டிய இடத்தில் மெரியானா இரண்டைப் போட்டிருந்தாள். கதவைத் திறந்து பார்த்தால், புடைத்திருக்க வேண்டிய இடமெல்லாம் குழிந்து, தின்று போட்ட ஆப்பிள் போல ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யாரு கடிச்சது?" என்றாள் கொலீன். பிறகு ஒரு பெட்டி மேல் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மெரியானா கொஞ்ச நேரம் முறைத்தாள். அதற்குமேல் அவளாலும் அடக்க முடியவில்லை. நான் முகமூடியைக் கழற்றிவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். "உனக்கென்னடா இங்க?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் துரத்தினார்கள்.

அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதலில் துண்டு மாட்டாமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தாள் மெரியானா. கொலீன் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உருண்டை உருண்டையாகவே வரத் தொடங்கிவிட்டது.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு படகுக்காரர் கியர் குமிழ் வேண்டும், சனிக்கிழமை படகை நீரில் இறக்க வேண்டும் என்று வந்து நின்றார். அவருடைய பழைய கியர் கம்பியின் திருகு மரை கடையில் கிடைக்கிற எந்த அளவிலும் இல்லை. குமிழுக்கு உள்ளே அந்த மரையை லேத்தில்தான் வெட்ட வேண்டும். கொலீன் அதை ஒரே ஒரு முறை செய்து காட்டியிருந்தாள். மெரியானா எழுதினாள். லேத் சிவப்பு விளக்கைப் போட்டு மறுத்தது. திருத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"கொலீனுக்குப் போன் பண்ணிப் பாரேன்" என்றேன்.

"தமாட்டி எடுப்பான்."

"எடுத்தா என்ன, உன்னைத் தின்னுடுவானா?"

அவர்கள் வீடு மலைக்குப் பின்னால். கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. சமையலறைச் சுவரில் மாட்டிய போன்தான். கொலீனோ படுக்கையறையில் காலை நீட்டிக் கிடந்தாள். தமாட்டிதான் எடுத்தான். மெரியானா ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மெரியானாவா?" அவன் குரல் உள்ளே போய்விட்டது. "நல்லா... நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். மரை வெட்டுற வரியை மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. முதல் வெட்டோட ஆழம் பூஜ்யம் புள்ளி ரெண்டுன்னு போட்டேன். அவளைக் கேளு."

அவன் கத்திக் கேட்டான். தூரத்திலிருந்து கொலீன் ஏதோ கத்தினாள்.

"புள்ளி வெக்கணுமாம்" என்றான்.

"வெச்சுத்தான் இருக்கேன்!"

"வெச்சிருக்காளாம்!" என்று அங்கே கத்தினான். அங்கிருந்து இன்னும் பெரிய கத்தல். "இருநூறு புள்ளியாம்."

"இருநூறு புள்ளியா? கோலமா போடுறேன்? ஒழுங்காக் கேட்டுச் சொல்லுய்யா!"

"நான் என்ன பண்றது, ஆளாளுக்கு என்னையே திட்டுறீங்க!"

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகோல் டக் டக்கென்று நெருங்கி வந்தது. "டாக்டர் எழுந்திருக்கக் கூடாதுன்னாரு!" என்று தமாட்டி அலறினான். "நீ நகரு முதல்ல" என்றாள் கொலீன், போனைப் பிடுங்கி. "மெரியானா, புள்ளியே வெக்காதே. அந்த வரியில மட்டும் ஆழத்தை மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்காக் கணக்குப் பண்ணும். வெறும் இருநூறுன்னு போடு."

"அப்ப மரையோட மொத்த உயரத்துக்கும் புள்ளி கூடாதா?"

"அதுக்கும் கூடாது. இந்த ஆளு என்னத்தைச் சொன்னான்?"

"அவன் சொன்னதைக் கேட்டிருந்தா படகு மூழ்கியிருக்கும்."

சிவப்பு விளக்கு அணைந்தது. காற்றில் ஓட்டினாள், பிறகு துண்டை மாட்டினாள். சூட்டைத் தணிக்கும் பால் போன்ற கூலன்ட் தெறிக்க, டூல் உள்ளே போய் வந்து, போய் வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் பார்த்தது. குமிழைத் துடைத்து, படகுக்காரர் விட்டுப்போன கம்பியில் வைத்துத் திருகினாள். ஆட்டம் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. மெரியானா அதைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

"போதும், தேஞ்சுடப் போகுது" என்றேன்.

இன்னொன்று வெட்டி எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராகக் கொலீன் வீட்டுக்குக் காரை விட்டாள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவன் தமாட்டி. வாசலில் அவனைப் பார்த்து "தள்ளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போனாளாம். கொலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குமிழின் உட்புறத்தை விளக்கில் காட்டிப் பார்த்து, "கடைசி வெட்டைத் திரும்ப ஒரு தடவை ஓட்டினியா? பளபளன்னு இருக்கே" என்றாளாம். அவ்வளவுதான், இரண்டு பேரும் இருட்டும் வரை டூல் முனையைப் பற்றியே பேசித் தீர்த்தார்களாம். இவன் தேநீர் கொண்டுபோய் வைத்தான், அது ஆறியது, எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டு வந்தான்.

"என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைடா" என்றான் மனத்தாங்கலோடு. "திட்டக்கூட இல்லை."

கொலீன் திரும்பி வந்தபோது, பேரண்ட் லேத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். இப்போது அங்கே தினமும் சண்டைதான், எந்த வேகம் சரி, யார் எழுதிய வரி குட்டை என்று. எனக்கு வெல்டிங் பண்ணவே நேரம் போதவில்லை.