பாட்டு முடிந்த பிறகுதான் நம்பர்

என் அப்பா ஒரு பெரிய துணிக்கடையின் கல்லாவில் ஆயுசு முழுக்க உட்கார்ந்தவர். கள்ள நோட்டு என்றால் தொட்டவுடன் விரல் சொல்லிவிடும் என்பார். அப்பேர்ப்பட்டவர், போனில் எவனோ "சார், பேங்க்லேருந்து பேசுறோம்" என்றால் போதும், கார்டில் இருக்கும் நம்பர், போனுக்கு வரும் நம்பர், கேட்டால் பெட்டிப் பூட்டின் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கியது ஒரு தடவை இல்லை.

முதல் தடவை நான் அழுதேன். இரண்டாவது தடவை கத்தினேன். மூன்றாவது தடவை போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுகொண்டு, மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடு என்பவர்களிடம் மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்து இந்தக் கிழக்குழந்தையை வேறு கெஞ்ச வேண்டும். மறுநாளே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேங்க் மேனேஜரிடம் போய் நின்றேன். "கணக்கு அவரோடது. அவர் கையெழுத்துப் போட்டா உங்க பேரையும் சேர்த்துக்கலாம்" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "நான் உசிரோட இருக்குறப்பவே கல்லாச் சாவியைக் கேக்குறியா?" என்றார். அந்தப் பேச்சை அத்தோடு மூட்டை கட்டினேன்.

ஆனால் விட்டுவிடவும் முடியாது. அவர் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் உதடு கறுத்துவிடுகிறது. ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கில் மிச்சம் இருந்த பணம் அதற்குத்தான் சரியாக இருந்தது. அதுவும் போனால் அப்பா போனார். கணக்கு அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை என் தம்பியிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். தம்பியை நான் மைனர் என்றுதான் கூப்பிடுவேன். போனிலும் அதே பெயர்தான், அப்பாவின் போனிலும் நானே அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதியை வாங்கி ஒரு கடை போட்டு, கவிழ்த்துவிட்டு, வெளியூருக்குப் போய்விட்ட புண்ணியவான். அன்றிலிருந்து அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆபரேஷன் என்று தெரிந்தால் பணம் இருப்பதும் தெரிந்துவிடும். வெல்லம் இருக்கும் இடத்தை எறும்புக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

நான் பெரிய பக்தை எல்லாம் இல்லை. கடவுளுக்கும் எனக்கும் தலைவலி வந்தால்தான் பேச்சு. அப்பா அப்படி இல்லை. அம்மா இருந்த நாளிலிருந்து சாயங்காலமானால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிரார்த்தனைப் பாட்டுப் பாடுவார். அம்மாவின் தாத்தா கட்டிய பாட்டாம். எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம், சோறு வெந்துவிடும். நடுவில் கூரை இடிந்து விழுந்தாலும் நிறுத்தமாட்டார்.

அன்று எரிச்சலில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் பாடி முடித்துக் கண்ணைத் திறந்ததும் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, என்கிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். கடவுள்கிட்ட ஒரு சத்தியம் பண்ணுங்க. போன்ல யாரு பணம், நம்பர்னு பேச்செடுத்தாலும், இந்தப் பாட்டை முழுசாப் பாடிட்டுத்தான் பதில் சொல்லணும். போனைக் காதுல வச்சுக்கிட்டே பாடணும்."

"அதுவரைக்கும் அவன் காத்துக்கிட்டு இருப்பானா?"

"நல்லவனா இருந்தா இருப்பான்."

அப்பா யோசித்தார். மகள் கையில் சாவியைக் கொடுப்பது போல இல்லை இது. "நியாயம்தான்" என்றார். கண்ணை மூடிக் கையைக் குவித்து வாக்குக் கொடுத்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி வேலை செய்தது. ஒருத்தன் "சார், ஹலோ சார்" என்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வைத்தான். இன்னொருத்தன் "யோவ் பெருசு, இங்க என்ன கச்சேரியா நடக்குது?" என்று கேட்டானாம். அப்பா அசையவில்லை. "இவ்வளவு பொறுமை இல்லாதவன் பேங்க்ல எப்படிக் குப்பை கொட்டுறான்?" என்று என்னிடம் கவலைப்பட்டார். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சம்பளம் இல்லாமல் ஒரு வாட்ச்மேன் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முன்பணம் கட்ட அப்பாவின் கார்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கார்டைச் செருகினாள். மறுபடியும் செருகினாள்.

"மேடம், வேற கார்டு இருக்கா?"

"ஏன், அதுக்கு என்ன?"

"இதுல பணம் இல்லையே."

நாளைக்குள் கட்டாவிட்டால் அந்த நாளை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னாள். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கார்டை அவர் மடியில் எறிந்தேன்.

"யாருக்குக் குடுத்தீங்க? சத்தியம் பண்ணீங்களே!"

"எதுக்கு இப்படிக் கத்துறே? சத்தியத்தை யாரு மீறினா? முழுசாப் பாடிட்டுத்தான் குடுத்தேன்."

"முழுசாவா? அதுவரைக்கும் ஒருத்தன் போனை வைக்கலையா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல பையன்மா. கூடவே பாடினான். எனக்கு நடுவுல வரி மறந்துபோச்சு, அவன்தான் எடுத்துக்குடுத்தான். இந்தக் காலத்துல அப்படி ஒரு பையனா! நீ சொன்ன மாதிரியே நல்லவன்."

எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பாட்டு. போனை எடுத்துப் பார்த்தேன். நேற்று மத்தியானம், மைனர். கூப்பிட்டவன் பெயர் திரையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"பையன் யாருன்னு சொன்னான்?"

"என்னமோ சொன்னான். பேங்க்தான்" என்றார்.

அப்பாவின் போனிலிருந்தே கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அப்பா!"

"அப்பா இல்லைடா, அக்கா."

"அக்கா! அப்பா சொல்லிட்டாரா? நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். கடன்காரன் வீட்டுல வந்து உக்காந்துட்டான்க்கா, பெண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி. வேற வழியில்லாமதான் போன் பண்ணேன். திட்டுவார், வச்சுடுவார்னு நெனச்சேன். பணம் வேணும்ப்பான்னேன், அவரு ஒண்ணுமே கேக்கலை. நம்ம பாட்டை எடுத்துப் பாட ஆரம்பிச்சுட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. முடிச்சுட்டு, சொல்லுங்க தம்பி, எந்த நம்பர் வேணும்னு கேட்டார். எவ்வளவு எடுக்கட்டும்பான்னேன். உங்களுக்கு வேணுங்கிறதை எடுத்துக்கோங்கன்னார். எனக்கு மரியாதை குடுத்துப் பேசினார்க்கா, முதல் தடவையா. என்னை மன்னிச்சுட்டார்."

பாவி, பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவனையா என்னையா என்று தெரியவில்லை.

"அது அவரோட ஆபரேஷன் பணம்டா."

"என்ன ஆபரேஷன்?"

நான் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"அக்கா, என்ன ஆபரேஷன்? அப்பாவுக்கு என்ன? என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"பணம் இருக்கா?"

"காலைலயே கடன்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்."

அவ்வளவுதான். எனக்கு அவனைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. அவர் உன்னை மன்னிக்கலைடா, நீ யாருன்னே அவருக்குத் தெரியலைடா, வழியில போறவனுக்கு எடுத்துக்குடுத்த மாதிரி குடுத்திருக்கார்டா. எல்லாம் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. போனில் அவன் விசும்பிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அடிபட்டால் அழும் அதே அழுகை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த ஒன்றையாவது அவன் வைத்துக்கொள்ளட்டும்.

"அப்பாகிட்ட குடு அக்கா. ஒரு வார்த்தை பேசிடுறேன்."

ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவிடம் நீட்டினேன்.

"அப்பா, அந்தப் பணத்தை நான் எப்படியாவது..."

பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா கையை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

நான் தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. "கை நழுவிப் போனாலும் நீ பிடித்த கை விடாதே" என்ற இடம் வந்தது. அதற்கு அடுத்த வரி அவருக்கு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தினமும் சமையலறையிலிருந்து கேட்ட பாட்டு, எனக்கும் அடுத்த வரி தெரியவில்லை. போனிலிருந்து தம்பியின் குரல், அழுகையோடு, அதை எடுத்துக் கொடுத்தது. அப்பா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். இருவருமாகக் கடைசிவரை பாடினார்கள்.

முடிந்ததும் அப்பா மடியில் கிடந்த கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரொம்ப நல்லாப் பாடுறீங்க தம்பி" என்றார். "எந்த ஊரு நீங்க? அப்பா அம்மா எல்லாம் இருக்காங்களா? சொல்லுங்க, எந்த நம்பர் வேணும்?"

அப்பா இலக்கம் இலக்கமாகப் படிக்கத் தொடங்கினார்.

"அக்கா" என்றான் தம்பி. "அவர் கையிலேருந்து அந்தக் கார்டை வாங்கு அக்கா."